திறப்பர் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் இத்தாலியில், எங்கள் பலெர்மோ நகரத்தில்தான் இருந்தார். பொலிஸ்காரர்கூடத் திருடரை மட்டும்தான் சந்தேகப்படுவார்கள். இவர் திருடரையும் சந்தேகப்பட்டார், பொலிஸ்காரரையும் சந்தேகப்பட்டார், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவால் குறுக்கே போன பூனையையும் சந்தேகப்பட்டார். தபால்காரர் சிரித்தால், "உவன் ஏன் சிரிக்கிறான்?" என்பார். சிரிக்காவிட்டால் அதைவிடக் கூட யோசிப்பார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "ஏன் கேக்கிறீர்?" என்று திருப்பிக் கேட்பார். ஆகையால் நாங்களே ஒரு பெயர் வைத்தோம். அவருடைய கழுத்தில் தடித்த நூலில் ஒரு கொத்துத் திறப்புகள் தொங்கும். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, பெட்டிக்கு மூன்று, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. பூட்டுக்குப் பூட்டு ஒரு திறப்பு. அவர் ஒழுங்கைக்குள் திரும்பினால் மணி கட்டின மாடு வருகிற மாதிரிச் சத்தம் கேட்கும். பெரியவர்களுக்கு அவர் திறப்பர். பிள்ளைகளுக்குத் திறப்பு மாமா.

குடைக்கு எதற்குப் பூட்டு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தம்பி, மழை பெய்யேக்கை எல்லாருக்கும் குடை வேணும். அப்ப எல்லாரும் கள்ளர்தானே?"

மழை வந்தால் அவர் கொத்தை எடுத்து, சரியான திறப்பைத் தேடி, பூட்டைக் கழற்றி, குடையை விரிப்பதற்குள் மழை விட்டுவிடும். தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய வானத்தைப் பார்த்து, "பாத்தீரே, நான் விரிக்க வெளிக்கிட்டதும் நிண்டிட்டுது" என்பார். மழையும் அவருடைய கணக்கில் நம்பத் தகுந்ததல்ல.

ஊரைவிட்டு வந்த தமிழ்ச் சனம் நாங்கள், கபோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் குடியிருந்தோம். இன்றும் இருக்கிறோம். திறப்பர் பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில், தனியாக இருந்த வயதான சிஞ்ஞோரா அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அந்தச் சிஞ்ஞோரா தினமும் பின்னேரம் வெள்ளிக் கரண்டிகளை எண்ணிப் பார்ப்பாராம். மற்ற வேலைக்காரர் எல்லாரும் அவமானப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள். திறப்பருக்கோ சந்தோசம். எண்ணி முடித்ததும், "சிஞ்ஞோரா, இன்னொருக்கா எண்ணுங்கோ" என்பாராம்.

"அவ என்னைச் சந்தேகப்படுறா தம்பி. நல்ல மனுசி" என்றார் என்னிடம். அவர் இன்னொரு ஆளைப் பற்றி நல்லதாகச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறின கதையையும் சொல்ல வேண்டும். சாந்தா ரொசாலியா மாதாவின் குகைக் கோவிலுக்கு எங்கள் சனம் வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் ஏறும். பலர் நேர்த்திக்கு வெறுங்காலோடு ஏறுவார்கள். திறப்பரும் வந்தார், ஆனால் செருப்போடு. கோவில் வாசலில் செருப்போடு வந்த மற்றவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டபோது, அவர் சங்கிலி எடுத்து இரண்டு செருப்பையும் சேர்த்து, இரும்புக் கம்பியில் கட்டிப் பூட்டினார். வெளியே வந்தால் திறப்பைக் காணவில்லை. கொத்தில் உள்ள எல்லாத் திறப்பையும் போட்டுப் பார்த்தார். வேறு வழியில்லை, மலை முழுவதும் வெறுங்காலோடு இறங்கினார். கீழே பூ விற்றுக்கொண்டிருந்த பலெர்மோக் கிழவி ஒருத்தி அவருடைய காலைப் பார்த்துக் கண் கலங்கி, "என்ன பக்தி!" என்று கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். திறப்பர் கையை உதறிக்கொண்டு, விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

இதெல்லாம் சிரிப்பு. சாப்பாட்டு விசயத்தில் மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வராது. கலியாணம், பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் பூட்டின சாப்பாட்டுப் பெட்டியோடுதான் வருவார். ஒரு மூலையில் இருந்து, ஆறிப்போன சோற்றைத் தானே திறந்து சாப்பிட்டுவிட்டுத் திருப்பிப் பூட்டுவார். வெறும் பெட்டியை ஏன் பூட்டுகிறார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. என் வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது என் மனுசி தேத்தண்ணி கொடுத்தாள்.

"நீங்கள் முதல் குடியுங்கோ தங்கச்சி."

அவள் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். திறப்பர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பத்து நிமிடம் போனது. பிறகு கோப்பையைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு. ஆறின தேத்தண்ணியை ஆர் குடிப்பினம்?" என்று எழும்பிவிட்டார்.

அவர் எங்களைச் சந்தேகப்பட்டால் நாங்கள் சும்மா இருப்போமா? நாங்களும் அவரைச் சந்தேகப்பட்டோம். பெட்டிக்குள் தங்கம் என்றார் ஒருவர். குவெஸ்தூராப் பொலிசுக்கு எங்களைப் பற்றிச் செய்தி கொண்டுபோகிறவர் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டுவிட்டு நானும் கொஞ்ச நாள் அவருக்கு முன்னால் இங்கே இருக்கத் தருகிற என் பெர்மெஸ்ஸோப் பத்திரம் பற்றிய கதையே எடுக்கவில்லை.

இப்போது கிடாரத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோவில் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் நடன வகுப்பும் நடக்கும். பதினாலு பிள்ளைகள். என் மகள் அபியும் ஒருத்தி. அந்த மண்டபம் கிடைப்பதற்கு முன் நடன வகுப்பு எங்கள் வீட்டு மூன்றாம் மாடியில்தான் நடந்தது. டீச்சர் "தை" என்றதும் பதினாலு குதிக்கால் நிலத்தில் விழும். உடனே கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா தும்புத்தடியால் தன்னுடைய கூரையை இடிப்பார். ஒரு மாதத்தில் வீட்டுக்காரர் கடிதம் அனுப்பினார், ஆட்டமா வீடா என்று. அந்த நேரத்தில் மண்டபத்தைத் தந்தவர் பாதர். ஆகவே அந்த மண்டபம் போனால் வகுப்பும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக் குசினியில் எங்களுடைய பெரிய கிடாரம் ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்ததும் அதில் சோறு வடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் அனுப்புவோம். அதே மண்டபத்தில் காலையில் பிலிப்பினோக்காரரின் பாட்டுக்குழு பழகும். பழகி, சமைத்து, சாப்பிட்டு, ஒரு மணிக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு மணிக்கு வருவோம். மூன்று வருடமாக ஒரே குசினி. ஒரு வார்த்தை கதைத்ததில்லை. உள்ளே வந்தால் உள்ளிப்பூடு வதக்கின மணம் நிற்கும். எங்களுக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது அந்த மணம் மட்டும்தான்.

ஒரு ஞாயிறு நாங்கள் வந்தபோது கிடாரம் இடம் மாறி இருந்தது. அதுமட்டுமல்ல, மினுங்கியது. எங்கள் கையால் அது ஒருநாளும் அப்படி மினுங்கினதில்லை. மூடியைத் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே மரக்கறி போட்ட நூடில்ஸ், இன்னும் சூடாக. பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

"கையை எடுங்கோ!"

திறப்பர். அவருக்குப் பிள்ளையும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து வாசலில் நிற்பார், யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்ப்பதற்கு.

"அண்ணை, காலமை ஆக்கள் மிச்சத்தை வைச்சிட்டுப் போட்டினம் போலை" என்றேன்.

"மிச்சம் எண்டால் தட்டிலை கிடக்கும். இது மூடிக் கட்டிக் கிடக்கு. கட்டினவன் ஏன் கட்டினவன்?"

நாங்களே பிள்ளைகளைப் பின்னால் இழுத்தோம். திறப்பரின் சந்தேகங்கள் எல்லாம் அப்படித்தான். கேட்ட உடனே எங்களுக்கும் தொற்றிவிடும். அவர் நூடில்ஸை ஒரு சட்டியில் கொட்டி, சாட்சிக்கு வேண்டும் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். அதே அலுமாரிக்குள்தான் பிள்ளைகளின் சலங்கைகள் இருந்தன.

அந்த வாரம் பார்த்து ஷிரொக்கோ அடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற அந்தச் சுடுகாற்று அடித்தால் வெளியில் வைத்த பால் ஒரு மணித்தியாலம் தாங்காது. நூடில்ஸ் ஏழு நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு பாதர் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். சட்டியோடு தூக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டோம். சலங்கையைப் போட முடியுமா? கட்டித்தான் ஆக வேண்டும்.

"அப்பா, கெ ஸ்கீஃபோ! கால் முழுக்க நாறுது!" என்று அபி கத்தினாள். இப்படிச் சீ, அருவருப்பு என்று கத்துவதென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இத்தாலியன்தான் வரும். அன்றைக்குப் பதினாலு பேரும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முத்திரை பிடித்தார்கள். அப்படி ஒரு முத்திரை எந்தச் சாத்திரத்திலும் இல்லை என்று டீச்சர் அழாக்குறையாகச் சொன்னார்.

திறப்பர் அசையவில்லை. கிடாரத்தின் காதில் சங்கிலியைக் கோத்து, சுவரோரம் போன தண்ணீர்க் குழாயில் கட்டி, பூட்டைப் போட்டார். "இனி எடுக்கட்டும் பாப்பம்" என்றார்.

எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு காலை பாட்டுக்குழு ஆண்கள் இரண்டு பேர் பின்னால் இருந்த சங்கிலியைக் காணாமல் கிடாரத்தை ஒரே தூக்காகத் தூக்க, குழாயும் சேர்ந்து வந்துவிட்டது. நாங்கள் போனபோது மண்டபத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பாட்டுப் புத்தகங்களும் எங்கள் பிள்ளைகளின் 'அ', 'ஆ' அட்டைகளும் ஒன்றாக மிதந்தன. பாதர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு நடுவில் நின்றார். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அவரவர் உடைத்து வைத்திருந்த இத்தாலியன்.

அவர்களுக்குள் குட்டையான ஒரு பெண் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். மரிசெல் என்று பெயர். அவரும் லிபெர்த்தாவில் ஒரு கிழவியைப் பார்க்கிற வேலைதான்.

"பானையை எடுத்தது நான்தான். கோவில் பானை என்று நினைத்தேன். அதற்குத்தான் கழுவி, வெறும் பானையாக வைக்கக் கூடாது என்று உங்கள் பிள்ளைகளுக்கும் வைத்தேன். நீங்கள் குப்பையில் போட்டீர்கள்!"

எனக்கு முகம் சுட்டது. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் சனத்திலும் இருக்கிறது. அடுத்த வீட்டுச் சட்டிக்குள் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் இவர்கள் கேட்டு வாங்கவில்லையே. வாங்கினதே தெரியாதவனுக்குத் திருப்பித் தந்தது எப்படித் தெரியும்?

திறப்பர் விடவில்லை. "பிள்ளையளுக்கு எண்டு ஏன் வைக்க வேணும்? நாங்கள் ஆர் உங்களுக்கு?"

அதற்குப் பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"பஸ்தா!" பாதர் தண்ணீரில் காலால் அடித்தார். "போதும்! அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வருவேன். இரண்டு பகுதியும் இங்கே நிற்க வேண்டும். சமாதானமாக நின்றால் சரி. இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் மண்டபம் இல்லை."

வீட்டுக்கு வந்ததும் மனுசி தொடங்கினாள். "மண்டபம் போனால் அபியின்ரை டான்ஸ் போச்சு. உங்கடை திறப்பரைப் போய் மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். திறப்பர் யோசித்தார். "மன்னிப்புத்தானே, கேக்கலாம். ஆனால் அவை உதுக்குள்ளை என்ன போடுகினம் எண்டு முதல் நான் என்ரை கண்ணாலை பாக்க வேணும்."

ஞாயிறு காலை பாட்டுக்குழு வருவதற்கு முன்பே எங்களிடம் இருந்த மண்டபத் திறப்பால் கதவைத் திறந்து போனோம். குசினியோடு சேர்ந்து, கம்பிக் கதவு போட்ட சாமான் அறை ஒன்று இருந்தது. திறப்பர் அதற்குள் புகுந்து, ஓட்டை விழுந்த பழைய திரைச்சீலை ஒன்றைக் கதவுக்குத் தொங்கவிட்டு, உள்ளேயிருந்து தன்னுடைய மிகப் பெரிய பூட்டைப் போட்டுக்கொண்டார்.

"உள்ளுக்கு நிண்டு ஏன் அண்ணை பூட்டுறியள்?"

"ஆராவது வந்து திறந்தால்? நீர் வெளியிலை நிண்டு பாரும்."

நான் ஒழுங்கையில் நின்றேன். மரிசெல் அக்கா கீரைக்கட்டோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் நிற்கிறாய்?"

"பஸ்ஸுக்கு."

"இந்தச் சந்துக்குள் பஸ் வராதே."

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

உள்ளே நடந்ததைத் திறப்பர் பிறகு சொன்னார். மரிசெல் அக்கா ஒரு தாச்சியில் பன்றியிறைச்சி போட்டுச் சமைத்தாராம். பிறகு கரண்டியை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இன்னொரு தாச்சியில் கோவா, கரட், போஞ்சி என்று மரக்கறி மட்டும் போட்டுக் கிளறினாராம். கிற்றார் அடிக்க வருகிற பலெர்மோக்காரர் ஒருவர், எதற்கு இரண்டு என்று கேட்டிருக்கிறார்.

"அந்தப் பிள்ளைகளில் சிலர் பன்றி தின்னமாட்டார்கள்."

"குப்பையில் போட்டார்களே, இன்னும் சமைக்கிறாயா?"

"பைத்தியம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குப் பசி."

சொல்லிக்கொண்டே ஒரு பிடி மிளகுத்தூளை வீசியிருக்கிறார். திரைக்குப் பின்னால் திறப்பர் தும்மினார். ஒழுங்கையில் நின்ற எனக்கே கேட்டது. ஓடிப் போனேன். பாட்டுக்குழு முழுவதும் சுவரோடு ஒட்டி நின்றது. திரைக்குப் பின்னால் கிலுக் கிலுக் என்று திறப்புச் சத்தம். இருட்டுக்குள் அவ்வளவு திறப்பில் சரியானது அகப்படவில்லை.

"அண்ணை, கெதியா வாங்கோ!"

"பொறுமப்பா, இது குடைத் திறப்பு!"

அந்த நேரம் பார்த்துப் பாதர் வந்தார். பின்னால் எங்கள் சனமும் வந்தது. மரிசெல் அக்கா திரையை இழுத்து எறிந்தார். உள்ளே திறப்பர், தலையில் ஒட்டடையோடு. அக்கா கொண்டையில் இருந்த ஊசியை உருவி, கம்பிக்குள்ளால் கையை விட்டுப் பூட்டைத் திருப்பி, இரண்டு தரம் குத்தினார். பூட்டு வாயைத் திறந்தது.

"என் சிஞ்ஞோரா குளியலறைக்குள் போய்த் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு தரம்" என்றார்.

திறப்பர் பூட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். "ஜெர்மன் பூட்டு" என்றார். "ஜெர்மன் பூட்டு, தம்பி." சொந்தத் தம்பி ஏமாற்றினால்கூட அவர் அப்படி ஒடிந்திருக்கமாட்டார்.

பாதரின் முகம் தக்காளியாகிவிட்டது. "ஒளித்திருந்து உளவு! இதுவா சமாதானம்? முடிந்தது. திறப்பைத் தாருங்கள்." என்னிடம் கையை நீட்டினார். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். வாசலில் அபி சலங்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதருடைய கையில் மண்டபத் திறப்பை வைத்தேன்.

"பாதர், நில்லுங்கோ." திறப்பர்தான். "பன்றி போடேல்லை. கரண்டியை ரெண்டு தரம் கழுவினவ. நான் கண்டனான். நான் சொன்னதெல்லாம் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." இதை இத்தாலியனில் சொல்ல அவருக்கு நெடுநேரம் எடுத்தது. தும்மல் வேறு.

"அப்படியென்றால் நம்புகிறாயா?" என்றார் பாதர்.

திறப்பர் தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டினார். மரிசெல் அக்கா ஒரு தட்டு நிறைய மரக்கறி நூடில்ஸைப் போட்டு மேசையில் வைத்தார். "நம்பினால் சாப்பிடு."

அடுத்த வீட்டுத் தேத்தண்ணி குடியாத மனிதர். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளைகளில் நாலைந்து பேர் மணம் பிடித்து மேசைக்குக் கிட்டே வந்துவிட்டார்கள்.

"பிள்ளையள் பொறுங்கோ. ஒருத்தரும் தொடக்கூடாது. முதல் நான்."

முள்ளுக்கரண்டியை எடுத்தார். கசாயம் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை விழுங்கினார். இன்னும் இரண்டு வாய். கரண்டியை வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து நிமிசம்."

பாதர், பாட்டுக்குழு, எங்கள் சனம், பதினாலு பிள்ளைகள், எல்லாரும் நின்று திறப்பரின் முகத்தைப் பார்த்தோம். நாலாம் நிமிடம் அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். டீச்சர் என் மனுசியின் கையைப் பிடித்தார். ஏழாம் நிமிடம் 'ஏவ்' என்று பெரிய ஏவறை ஒன்று விட்டார். பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரிக்க, பாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பத்தாம் நிமிடம் திறப்பர் மரிசெல் அக்காவைப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளையள், இனிச் சாப்பிடுங்கோ."

பாதர் மண்டபத் திறப்பை என் சட்டைப் பைக்குள் தானே போட்டார். "அந்தப் பானைக்குச் சங்கிலி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டார், பன்றி போட்ட பக்கம்.

"அண்ணை, உங்களுக்கு உண்மையாவே ஏதும் நடந்திருந்தால்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"நான் ஒரு ஆள்தானே தம்பி. அதுகள் பதினாலு."

போன வருடம் அவருடைய சிஞ்ஞோரா பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் குடும்ப வீட்டுக்கு மாறிப்போக, திறப்பரும் கூடவே போய்விட்டார். எந்த வீடு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிறு அவர் மூன்று தட்டுச் சாப்பிட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இன்னொரு ஆள் சூடாகச் சமைத்த சாப்பாடு. சாப்பிட்டு, சுவரோடு சாய்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போனார். வகுப்புக்கு இடம் வேண்டுமென்று நாங்களும் பிலிப்பினோக்காரருமாகக் கதிரைகளை ஒதுக்கினோம், ஒன்றையும் இழுக்காமல், ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து. டீச்சர் தட்டுக்கழியை எடுக்கவில்லை. தொடையில் கையால் மெல்லத் தட்டித் தாளம் போட்டார். பதினாலு பிள்ளைகளும் சலங்கை கட்டாமல் நுனிக்காலில் ஆடினார்கள்.